இந்த மாதத்து அவுட்டிங்

2025 பிப்ரவரி 9, ஞாயிறு. நாலரைக்கு எழுந்து மோட்டார் போட்டேன். பால் பாக்கெட்டுகளைச் சமையல்கார அம்மாவிடம் கொடுத்துவிட்டு முன்கூடத்தில் ஊதுவத்தி ஏற்றினேன். நைட் ஷிப்ட் முடிந்த பெண்களைக் கம்பெனி பஸ் ஆறரைக்குக் கொண்டுவந்து விட்டது. கேட்டைத் திறந்து, ஒவ்வொருத்தியாக உள்ளே வந்ததும் பெயருக்கு நேரே டிக் போட்டு, கேட்டைப் பூட்டினேன். காலைக்குப் பொங்கல், சாம்பார். இரண்டாம் மாடிக் குழாய் மறுபடி ஒழுகுவதைக் குறித்து வைத்தேன். இதுவரை எல்லா ஞாயிறும் போலத்தான். ஒரே வேறுபாடு, அன்று எங்கள் ஹாஸ்டலுக்கு அவுட்டிங்.

பிள்ளைப்பாக்கத்தில், தொழிற்சாலைகளுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சி ஒன்று நடத்தும் பெண்கள் ஹாஸ்டலில் நான் வார்டன். தங்கியிருப்பவர்கள் பெரும்பாலும் தெற்கத்திப் பெண்கள். ஒரகடத்திலும் சுற்றுப்பட்டிலும் தொழிற்சாலை லைனில் நிற்கிறவர்கள். பஸ்ஸில் ஏறி வேலைக்குப் போவார்கள், பஸ்ஸில் ஏறி ஹாஸ்டலுக்கு வருவார்கள். தனியாகக் கேட்டைத் தாண்ட வேண்டுமென்றால் தகப்பனோ தாயோ நேரில் வந்து கையெழுத்துப் போட்டுக் கூட்டிப் போக வேண்டும். அவர்கள் இருப்பதோ ஒரு இரவுப் பயணத் தொலைவில். ஆகவே மாதம் ஒருமுறை, வேனில், கூட்டமாக, ஏஜென்சி சொல்லும் இடத்துக்குப் போய் ஆறு மணிக்குள் திரும்புவதுதான் வெளியே போவது. அதற்குத்தான் அவுட்டிங் என்று பெயர்.

ஹாஸ்டலுக்கு வரும் முன் அந்தச் சொல்லை நான் வாயால் சொன்னதில்லை. எங்கள் வீட்டில் சாயங்காலம் குளக்கரைப் பக்கம் போனால் காற்று வாங்கப் போகிறோம் என்போம். பொருட்காட்சிக்குப் போனால் பொருட்காட்சிக்குப் போகிறோம், அவ்வளவுதான். பள்ளிக்கூடம் கூட்டிப் போனால் எக்ஸ்கர்ஷன். வண்டி பேசி நாலு ஊர்க் கோயில் பார்த்தால் டூர். புளிசாதம் கட்டிக்கொண்டு போனால் பிக்னிக். ட்ரிப் என்பது மண் லாரிக்கும் கம்பெனி பஸ்ஸுக்கும் உரியது. சென்னையில் படிக்கும் என் மகள்தான் முதலில் அவுட்டிங் என்றாள். "ஃபிரெண்ட்ஸோட சும்மா ஒரு அவுட்டிங்மா" என்பாள். ‘சும்மா’ சேர்க்காமல் அவள் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை. எனக்கு எதையும் சரிபார்க்காமல் விட முடியாது. அகராதியைப் புரட்டினேன். இன்பத்துக்காகப் போய்வரும் சிறு பயணம் என்று போட்டிருந்தது. மகளுடைய சும்மாவுக்கு அது கச்சிதமாகப் பொருந்தியது.

ஹாஸ்டலில் அந்தச் சொல்லோடு சேர்ந்து வரும் வினைகள் வேறு. இங்கே அவுட்டிங் கேட்கிறார்கள். மேலே இருந்து கொடுக்கிறார்கள். சேங்க்ஷன் ஆகிறது. அறையைச் சுத்தமாக வைக்காவிட்டால் கட் ஆகிறது. லைனில் ஓ.டி., அதாவது கூடுதல் நேர வேலை, போட்டால் கேன்சல் ஆகிறது. போன மாதத்து அவுட்டிங்கை இந்த மாதத்துக்கு எடுத்துக்கொள்ள முடியாது, அது லாப்ஸ். அகராதி சொல்லும் இன்பத்தை யார் சேங்க்ஷன் செய்வார்கள்? எப்படி லாப்ஸ் ஆகும்? இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு வரை போர்டில் ‘வெளி அனுமதி’ என்றுதான் எழுதியிருந்தது. புதிதாக வந்த எச்.ஆர். தம்பிதான் மாற்றினார்.

"அனுமதின்னா ஜெயில் மாதிரி இருக்கு மேடம். அவுட்டிங்னு போடுங்க, ஜாலியா இருக்கும்."

போட்டேன். விதி ஒன்றும் மாறவில்லை.

அந்த ஞாயிற்றை நான் எதிர்பார்த்திருந்தது ஒரு பெண்ணுக்காக. தென்காசிப் பக்கத்துப் பெண், வயது இருபது. அவளுடைய அக்காவும் இதே ஏஜென்சி மூலம் வேலைக்கு வந்தவள்தான். ஆனால் அவளை மண்ணூர் ஹாஸ்டலில் போட்டுவிட்டார்கள். இங்கிருந்து மண்ணூருக்கு ஷேர் ஆட்டோவில் போனால் ஒரு காபி ஆறும் நேரம். எட்டு மாதமாக இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் நேரில் பார்க்கவில்லை. எங்களுக்கு இரண்டாம் ஞாயிறு அவுட்டிங், அவர்களுக்கு நான்காம் ஞாயிறு. அக்கா வந்து தங்கையைக் கூட்டிப் போக முடியாதா என்றால், அக்காவே ஹாஸ்டலில் இருப்பவள், அவள் கார்டியன் ஆக முடியாது. வார்டனான நானும் ஆஸ்பத்திரிக்குத் தவிர யாரையும் தனியாக வெளியே கூட்டிப் போகக் கூடாது. எழுத்தில் இருக்கும் விதி, நான் கையெழுத்துப் போட்டு ஏற்றுக்கொண்ட விதி.

ஜனவரிக் கடைசியில் அந்தப் பெண் என் அறை வாசலில் வந்து நின்றாள்.

"வார்டம்மா, எங்கக்காவ ஓசூர் பிளாண்டுக்கு மாத்திட்டாவ. பத்தாந்தேதி காலைல பஸ்சு."

"போன்ல பேசிக்கிறீங்கல்ல?"

"தெனமும் வீடியோல பாக்கத்தான் செய்யுதோம். அதும் இதும் ஒண்ணா? அழுதா தொடச்சு விடவா முடியுது?" என்றாள். பிறகு அவளே, "ஒரே ஒருதடவ. பக்கத்துல உக்காந்து ஒருவேள சோறு திங்கணும். வேற ஒண்ணும் கேக்கல" என்றாள்.

நான் விதியை மீறுகிறவள் அல்ல. விதிக்குள் இடம் தேடுகிறவள். மண்ணூர் வார்டனோடு பேசினேன். உள்ளூர்க்காரி, எனக்கு மூத்தவள், சத்தமாகப் பேசுவாள். அவர்களுடைய அவுட்டிங்கை இரண்டாம் ஞாயிற்றுக்கே இழுத்து, இரண்டு வேனையும் மாமல்லபுரம் கடற்கரைக்கே விடச் சொன்னால் காரியம் முடிந்தது. எச்.ஆர். தம்பிக்கு மூன்று முறை மெயில் போட்டேன். முதலில் பதில் இல்லை. பிறகு, காரணம் என்ன என்று கேட்டார். அக்கா, தங்கை என்று எழுதினால் ‘பர்சனல்’ என்று தள்ளிவிடுவார் என்பது தெரியும். இரண்டு ஹாஸ்டலும் சேர்ந்து போனால் போட்டோ நன்றாக வரும் என்று எழுதினேன். அன்றே சேங்க்ஷன் ஆனது.

ஞாயிறு காலை எட்டு மணிக்கு வேன் வந்தது. தென்காசிப் பெண் தலைக்குக் குளித்து, மஞ்சள் சுடிதார் போட்டு, கையில் ஒரு எவர்சில்வர் டப்பாவோடு எல்லோருக்கும் முன்னால் நின்றாள். ஊரிலிருந்து அப்பா கொடுத்தனுப்பிய கருப்பட்டி மிட்டாயில் அக்காவின் பங்கு அது. அவளுடைய அறைத்தோழி, மதுரைக்காரி, சும்மா விடவில்லை.

"ஏண்டி, அக்காவப் பாக்கப் போறியா, மாப்ள பாக்கப் போறியா? பவுடர் அப்பியிருக்கிறதப் பாரு."

"ஏட்டி, போ. ஒனக்கு அக்கா இல்லன்னு வயித்தெரிச்சல்."

"எனக்கு மூணு அக்கா இருக்காளுக. ஒருத்தியத் தாரேன், வச்சுக்க."

வேன் முழுக்கச் சிரிப்பு. டிரைவர் உள்ளூர் ஆள். பாட்டைச் சத்தமாக வைத்தார். ஒரகடம் தாண்டி, சிங்கப்பெருமாள் கோயில் தாண்டினோம். பெண்கள் சீட்டிலேயே எழுந்து நின்று ஆடினார்கள். உட்காரச் சொல்ல வேண்டியது என் வேலை. அன்று சொல்லவில்லை.

செங்கல்பட்டை நெருங்கும்போது பார்த்தேன். தென்காசிப் பெண் மட்டும் உட்கார்ந்திருந்தாள். மடியில் போன். போனை என்னிடம் நீட்டினாள். அக்காவின் செய்தி: ‘ஓ.டி. போட்டுட்டாங்கடி. பஸ்ல ஏத்திட்டாங்க. அவுட்டிங் கேன்சல். உள்ள போனா போன வாங்கிருவாங்க.’

உடனே மண்ணூர் வார்டனைக் கூப்பிட்டேன்.

"இன்னாமா பண்றது? கெளம்புற நேரத்துல போன் பண்றானுங்க, சரக்கு டெஸ்பாட்ச் கீது, எல்லாரையும் ஏத்துன்றானுங்க. நானே இன்னிக்கு சர்ச்சுக்குப் போவல."

"நாளைக்கு ஊரை விட்டுப் போறவளையுமா?"

"நானும் அதான் கேட்டேன். நாளிக்கித்தான போறா, இன்னிக்கு இங்கதான கீறான்றான். நான் இன்னா வாய வச்சி பேசுறது?"

வேனைத் திருப்பிக் கொண்டுபோய்ப் பயனில்லை. அக்கா தொழிற்சாலைக்குள் இருக்கிறாள். சாயங்காலம் ஐந்து மணிக்குத்தான் வெளியே வருவாள். மற்றப் பெண்களுக்கு இதுதான் இந்த மாதத்து அவுட்டிங். எனவே போனோம்.

கடற்கரையில் இறங்கியதும் முதல் வேலை போட்டோ. ‘ஃபன் அவுட்டிங்’ என்று ஆங்கிலத்தில் எழுதிய பேனரைக் கையில் பிடித்தபடி எல்லோரும் ஒரே நேரத்தில் குதிக்க வேண்டும், அது குதித்த நிலையில் படத்தில் விழ வேண்டும், மதியத்துக்குள் குரூப்பில் போட வேண்டும். எச்.ஆர். தம்பியின் கட்டளை. நாங்கள் குதித்தோம். சிலர் சீக்கிரம் குதித்தார்கள், சிலர் தாமதமாக. பேனர் காற்றில் மடங்கியது. நாலாவது படத்தை அனுப்பினேன். உடனே போன் வந்தது.

"சூப்பர் மேடம். அந்த எல்லோ டிரஸ் மட்டும் சிரிக்கவே இல்லையே. இன்னொண்ணு எடுத்துடுங்களேன்."

"அந்தப் பொண்ணோட அக்கா வரலை சார்."

"அப்படியா. சரி, அவங்களக் கொஞ்சம் பின்னாடி நிக்க வச்சு எடுத்துடுங்க."

இரண்டாவது முறை எடுக்கவில்லை. நெட்வொர்க் சரியில்லை என்றேன். நான் சொல்லும் பொய்கள் இந்த அளவுக்குத்தான் இருக்கும்.

மற்றவர்கள் முழங்கால் வரை அலையில் நின்று கத்தினார்கள். சுண்டல் வாங்கினார்கள், குதிரையைத் தொட்டுப் பார்த்தார்கள். அவர்களைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. பாதிப் பேர் கடலை அன்றுதான் முதல் தடவை பார்க்கிறார்கள். அகராதிக்காரன் அங்கே நின்றிருந்தால் தன் வரியை மாற்ற வேண்டியிருக்காது. ஆனால் அவன் அந்த மஞ்சள் சுடிதாரையும் பார்த்திருப்பான். அவள் மணலில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்து, வருகிற போகிற பெண்களுக்கெல்லாம் மிட்டாயைக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"அக்காவுக்கு வைக்கலையா?" என்று மதுரைக்காரி கேட்டாள்.

"எறும்பு வந்துரும்" என்றாள். டப்பா காலியானதும் கடல் தண்ணீரில் கழுவிக் கவிழ்த்து வைத்தாள்.

சாப்பாட்டுப் பொட்டலத்தை அவள் பிரிக்கவில்லை.

எனக்கு ஒரு வழி தோன்றியது. அக்காவின் பஸ் ஐந்து மணிக்குக் கிளம்பி ஒரகடம் ஜங்ஷனைத் தாண்டித்தான் மண்ணூர் போக வேண்டும். நாமும் அதே ஜங்ஷன் வழியாகத்தான் திரும்புகிறோம். கொஞ்சம் முன்னால் போய் டீக்கடை ஓரம் நின்றால், மண்ணூர் வார்டன் சொல்லிவிட்டால், அவர்களுடைய பஸ்ஸை இரண்டு நிமிடம் நிறுத்த முடியாதா? டிரைவரிடம் கேட்டேன்.

"ஜிபிஎஸ் கீதுக்கா. நின்னா ஆபீஸ்ல காட்டும்."

"டயர்ல காத்து பாக்கிறதுக்கு நிக்க மாட்டீங்களா?"

அவர் கண்ணாடியில் பின்சீட்டைப் பார்த்தார். "பாக்கலாம்" என்றார்.

மண்ணூர் வார்டனும் தன் பஸ் டிரைவரிடம் சொல்வதாக ஒப்புக்கொண்டாள். ஐந்துக்கு முன்பே ஜங்ஷனில் நின்றோம். எங்கள் டிரைவர் இறங்கி ஒவ்வொரு டயரையும் காலால் தட்டிக்கொண்டே வேனைச் சுற்றி வந்தார். ஷிப்ட் விடும் நேரம். வெள்ளை பஸ்கள் வரத் தொடங்கின. கண்ணாடியில் ஒட்டியிருக்கும் சின்ன அட்டையில் மட்டும்தான் எது எந்தக் கம்பெனி பஸ் என்று தெரியும். பெண்கள் எல்லோரும் ஜன்னலுக்கு வந்துவிட்டார்கள். எந்த பஸ் மெதுவானாலும் கத்தினார்கள்.

"ஏட்டி, அதா பாரு, அதா!"

"அது திருவள்ளூர் போற பஸ்டி."

தென்காசிப் பெண் கீழே இறங்கி ரோட்டோரம் நின்றாள். நான் அவளுடைய துப்பட்டா நுனியைப் பிடித்திருந்தேன், பஸ்ஸைப் பார்த்ததும் ஓடிவிடுவாள் என்ற பயத்தில். அப்போது என் போன் அடித்தது.

"மேடம், வண்டி பதினஞ்சு நிமிஷமா ஜங்ஷன்லயே நிக்குது. எனி ப்ராப்ளம்?"

"டயர் செக் பண்றாங்க சார்."

"ஆறு மணிக்கு இன் ஆகணும் மேடம். லேட்டானா அடுத்த மாச அவுட்டிங் மொத்தமா கட் ஆயிடும். உங்களுக்கே தெரியும்."

நான் போனில் பேசிக்கொண்டிருந்தபோதுதான் அது நடந்தது. ஒரு பஸ் மேம்பாலத்தில் ஏறிப் போனது. நாங்கள் கீழே நின்றிருந்தோம். மண்ணூர் போகிற பஸ்கள் எப்போதும் கீழ்ப்பாதையில் போய் டீக்கடையைத் தாண்டித்தான் போகும். மண்ணூர் வார்டன் சொன்னது அந்த டிரைவரை எட்டவில்லையோ என்னவோ, ஞாயிற்றுக்கிழமை கூட்டம் குறைவென்று மேலே ஏற்றிவிட்டார்கள். தங்கையின் போனில் அக்காவின் குரல் எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

"எங்கட்டி நிக்க? நான் பாலத்து மேல போறேன். உங்க வேன் மேல்கூர தெரியுது."

"எறங்குக்கா, எறங்கு!"

"பாலத்துல எப்படிட்டி எறங்க?"

பஸ் போய்விட்டது. எங்கள் டிரைவர் டயரைத் தட்டுவதை நிறுத்தினார். ஹாஸ்டல் வரும் வரை டிரைவர் பாட்டு வைக்கவில்லை. ஐந்து ஐம்பத்திரண்டுக்கு கேட்டுக்குள் இருந்தோம். எல்லோருக்கும் டிக் போட்டேன்.

உடனே எச்.ஆர். தம்பியைக் கூப்பிட்டேன். நாளைக் காலை பத்து மணிக்கு அக்காவின் பஸ், தங்கைக்கு இரண்டாம் ஷிப்ட், மதியம்தான் வேலை. நடுவில் ஒரு மணி நேரம் அந்தப் பெண்ணை நானே மண்ணூருக்குக் கூட்டிப் போய் வந்துவிடுகிறேன் என்றேன்.

"ரிக்வெஸ்ட் போடுங்க மேடம். ரெண்டு நாள்ல அப்ரூவல் வந்துடும்."

"அவ நாளைக்குப் போறா சார்."

"புரியுது. ஆனா அந்தப் பொண்ணு இன்னைக்கு அவுட்டிங் போயிட்டாங்களே. இந்த மாச கோட்டா ஓவர். ஒருத்தருக்குக் குடுத்தா எல்லாரும் கேப்பாங்க."

"அவ எதுக்காகப் போனாளோ அது நடக்கலையே சார்."

"பீச்சுக்குத்தான மேடம் போனாங்க? பீச் பாத்தாங்கல்ல?"

அவர் கெட்டவர் இல்லை. என் மகனாக இருக்கும் வயது. அவர் சொன்னதில் எழுத்துப்படி ஒரு தவறும் இல்லை. வெளியே அழைத்துப் போனோம், கடல் காட்டினோம், சோறு கொடுத்தோம், பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்தோம். அவளுடைய கணக்கில் இந்த மாதத்து இன்பம் தீர்ந்துவிட்டது. இத்தனை நாள் ஒழுங்காக எழுதி, ஒழுங்காகக் கேட்டு, ஒழுங்காகக் காத்திருந்ததன் பலன் இது என்றால், இந்த ஒழுங்கு யாருக்காக என்று அன்று முதல் தடவையாக எனக்குக் கோபம் வந்தது. சாப்பாட்டு வேளையில் அந்தப் பெண் தட்டோடு வரிசையில் நின்றாள். ரசம் மட்டும் வாங்கிக்கொண்டாள். என்னைப் பார்த்து, "பரவால்ல வார்டம்மா, நீங்க என்ன செய்விய" என்றாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மறுநாள் திங்கள். எழுந்ததும் நான் மோட்டார் போடவில்லை. நேராக முதல் மாடிக்குப் போய் அந்தப் பெண்ணை எழுப்பினேன். "முகம் கழுவிட்டு வா, மண்ணூருக்குப் போறோம்" என்றேன். புரியாமல் விழித்தாள். பிறகு அப்படியே எழுந்து வந்தாள். சமையல்கார அம்மாவிடம் கேட் சாவியைக் கொடுத்தேன்.

"சார் கேட்டா இன்னா சொல்றது?"

"நான் கூட்டிட்டுப் போனேன்னு சொல்லுங்க."

"வேல போயிடும்மா."

"தெரியும். சொல்லுங்க."

முதல் ஷேர் ஆட்டோவில் ஏறினோம். வழி நெடுக அவள் என் கையைப் பிடித்திருந்தாள், விரல் வலித்தது. மண்ணூர் ஹாஸ்டல் கேட்டில் மணியடித்தேன். மண்ணூர் வார்டன் கொண்டையை முடிந்தபடி வந்து எங்களைப் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் மாடியைப் பார்த்து அக்காவின் பெயரைச் சொல்லிக் கத்திவிட்டு, உப்புமா இறக்கியாகிவிட்டது, இரண்டு தட்டு வைக்கிறேன் என்று உள்ளே போனாள். நைட்டியோடு, வாயில் பல் தேய்க்கும் பிரஷ்ஷோடு அக்கா படியில் இறங்கி ஓடி வந்தாள்.